ஒன்பது நாளாகக் கத்தாத பிரேக்

"எங்க வீட்டுக்காரரோட பைக் பிரேக்குல யாரோ கை வெச்சுட்டாங்க மேடம்."

டெய்லரம்மா இதைச் சொன்னதும் முந்திரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். துப்பறியும் ஆபீஸ் திறந்து ஆறு மாதமாக, காணாமல் போன பூனை, காணாமல் போன குடை, காணாமல் போனதாக நினைத்துத் தலை மேலேயே இருந்த மூக்குக்கண்ணாடி என்று துப்பறிந்து துப்பறிந்து அவனுக்கு அலுத்துப் போயிருந்தது. இன்றைக்குத்தான் ஒரு கொலை முயற்சி கதவைத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"ஒயரை அறுத்துட்டாங்களா?" என்றான்.

"இல்ல."

"போல்ட்டைக் கழட்டிட்டாங்களா?"

"கழட்டி, திரும்ப மாட்டியிருக்காங்க."

"நடுவுல என்னதான் பண்ணாங்க?"

"சுத்தம் பண்ணிட்டாங்க," என்று சொல்லி டெய்லரம்மா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

முந்திரி நாற்காலியில் பழையபடி சாய்ந்துகொண்டான். கொலை கை நழுவிப் போன வருத்தம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நிதானம் அக்கா மட்டும் கண்ணை இமைக்கவில்லை. பஸ் டிப்போவில் தொலைந்த பொருள் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவர் அவர். ஒரு குடையின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தே, அதை விட்டுப் போனவர் எந்த ஸ்டாப்பில் இறங்கியிருப்பார் என்று சொல்லிவிடுவார். எதற்கும் அவசரப்படாததால் அந்தப் பெயர். முந்திரியும் அதே டிப்போவில் கண்டக்டராக இருந்தவன்தான். பயணி வாயைத் திறப்பதற்கு முன்பே டிக்கெட்டைக் கிழித்து நீட்டிவிடுவான். அதனால் பாதிப் பேர் போகவேண்டாத ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தார்கள். டிப்போவில் எல்லோரும் சேர்ந்து அவனுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தார்கள். வாய் வலித்ததால் பிறகு பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள்.

"உங்களுக்குச் சுத்தம் பிடிக்கலையா, சத்தம் இல்லாதது பிடிக்கலையா?" என்று கேட்டார் அக்கா.

டெய்லரம்மா திடுக்கிட்டாள். அப்புறம் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவள் கணவர் எடையளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுகிற வேலை. எல்லோரும் அவரைத் தராசு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்தாலும் அவருக்குள் இருந்த தராசு இறங்காது. சர்க்கரை டப்பா அரை அங்குலம் நகர்ந்திருந்தால் நின்று பார்ப்பார். திட்டமாட்டார். சும்மா பார்ப்பார். அதற்குத் திட்டே தேவலை.

டெய்லரம்மாவுக்கும் காலேஜில் படிக்கும் மகளுக்கும் மிச்சமிருந்தது சாயங்காலம் ஐந்திலிருந்து ஐந்து நாற்பது வரைதான். அந்த நாற்பது நிமிடமும் முன்அறையில் துணி மாட்டுகிற பொம்மைக்குத் தராசு சாரின் பழைய சட்டையைப் போட்டுவிடுவார்கள். டெய்லரம்மா அதற்குப் பின்னால் நின்று அவர் மாதிரியே பேசுவாள், நடப்பாள், பார்ப்பாள். மகள் தரையில் உருண்டு உருண்டு சிரிப்பாள்.

"பைக் தெருமுனை திரும்பும்போதே பிரேக் 'கீ...ச்'சுன்னு கத்தும் மேடம். நாலு வீடு தாண்டிக் கேக்கும். அதுதான் எங்களுக்கு மணி. உடனே சட்டையைக் கழட்டி, பொம்மையைத் திருப்பி வெச்சு, மூஞ்சியை நேராக்கிடுவோம். போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அவரு தலைவலின்னு வரல. மறுநாளிலேருந்து சத்தம் இல்ல. பைக்கை எட்டிப் பாத்தா, சக்கரத்துல பிரேக் பிடிக்கிற அந்தக் காலிப்பர் மட்டும் பளபளன்னு மின்னுது."

"மாட்டிக்கிட்டீங்களா?" என்றான் முந்திரி ஆவலாக.

"வாசல்ல வந்து அவரு இருமினதால தப்பிச்சோம். பொண்ணு பொம்மையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே கட்டிலுக்கு அடியில பாஞ்சா."

"அவருக்குச் சளியா?" என்றார் அக்கா.

"இல்லையே. ஆனா அன்னையிலேருந்து தினமும் வாசல்ல நின்னு இருமுறாரு."

"பிரேக் சத்தம் நின்னதைப் பத்தி எதாவது சொன்னாரா?"

"ஒரு வார்த்தை பேசல."

அக்கா நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

"பொண்ணுதான் அப்பாகிட்ட போட்டுக் கொடுத்துட்டான்னு நான் நெனக்கிறேன். நான்தான் வாயை விட்டுட்டேன்னு அவ நெனக்கிறா. மூணு நாளா ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்ல. வீடே ஊமையாயிடுச்சு." டெய்லரம்மா மறுபடியும் கைக்குட்டையை எடுத்தாள். "யாரு பண்ணதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. முடிஞ்சா அந்தச் சத்தத்தையும் திரும்ப வாங்கிக் கொடுங்க."

"அவரே பண்ணியிருக்கலாம்ல?" என்றான் முந்திரி.

"அவரா? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல ஒரு ஆணி அடிச்சதில்ல. எங்க அடிச்சாலும் நடுமையம் கிடைக்கலைன்னு விட்டுடுவாரு."

"அப்போ மெக்கானிக்தான்!" என்று எழுந்துவிட்டான் முந்திரி. "கேஸ் முடிஞ்சுதுக்கா. கிளம்புவோமா?"

மெக்கானிக் ஷெட்டுக்குள் ஒரு பைக்குக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. முந்திரி அந்தக் கால்களைப் பார்த்தே விசாரணையை ஆரம்பித்துவிட்டான்.

"தராசு சார் பைக்கோட காலிப்பரைச் சுத்தம் பண்ணது நீதானே? உண்மையைச் சொல்லு!"

கால்களுக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் வெளியே வந்தது. மூக்கின் நுனியில் கிரீஸ்.

"அண்ணே, நான் பண்ணியிருந்தா அவ்ளோ சுத்தமாவா இருக்கும்? நேத்து சிக்னல்ல பாத்தேன். எனக்கே வெக்கமாப் போச்சு."

அக்கா ஒரு டயரின் மேல் உட்கார்ந்துகொண்டார். "அது எப்படிப் பண்றதுன்னு எனக்கு ஒரு தடவை சொல்லுங்களேன்."

சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பதுதான் காலிப்பர் என்று மெக்கானிக் சொல்ல ஆரம்பித்தான். உள்ளே பிஸ்டனைச் சுற்றிக் கறுப்புத் தூசி சேர்ந்து இறுகிப் போனால், பிடித்த பிடியை அது சரியாக விடாது. உரசும், கத்தும். போல்ட்டு இரண்டைக் கழற்றி, பிரேக் பேடுகளை உருவி, சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு பிரேக்கை லேசாக அழுத்தினால் பிஸ்டன் கொஞ்சம் வெளியே வரும். பிரஷ் போகாத பின்பக்கத்துக்கு, ஒரு துணிப் பட்டையைச் சுற்றி, ஷூ பாலிஷ் போடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும்.

"பொறுமை இருந்தா வீட்டிலேயே பண்ணலாம்கா. பிஸ்டனைத் திரும்ப உள்ள தள்ளும்போது மட்டும் ஜாக்கிரதை. மேல இருக்கிற டப்பாவுல பிரேக் ஆயில் பொங்கி வழிஞ்சிடும். அது பெயிண்ட்ல பட்டா, தோசை மாதிரி உப்பி உரிஞ்சு வந்துடும்." தொழில் ரகசியத்தையெல்லாம் கொட்டிவிட்டது அப்போதுதான் உறைத்து, மெக்கானிக் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். "சரிக்கா, எனக்கு வேலை இருக்கு."

"சார் உங்ககிட்ட வந்து கேக்கவே இல்லையா, சத்தத்தைச் சரி பண்ணச் சொல்லி?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். முடியிலும் கிரீஸ் ஏறியது. "அஞ்சு தடவை வந்தாரு. 'அந்த மாடலே அப்படித்தான் சார், கத்தினாத்தான் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்'னு சொல்லி அனுப்பிட்டேன்."

"எதுக்கு?"

"டெய்லரம்மா சொல்லி வெச்சிருந்தாங்க. போட்டிருக்கிற இதோட சேர்த்து நாலு சட்டை அவங்க தைச்சுக் கொடுத்ததுதான். காலர் எப்படி நிக்குது பாருங்க."

காலர் நன்றாகவே நின்றது. முந்திரிக்குத்தான் நிற்க முடியவில்லை. "அக்கா, அப்போ பொண்ணுதான்! அம்மா மேல கோபம். சத்தத்தைத் தீர்த்துக் கட்டிட்டா."

"பைக்கைப் பாத்துட்டு வருவோம்," என்றார் அக்கா.

தராசு சாரின் அலுவலக முற்றத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். ஆள் நடமாட்டம் இல்லை. தகரக் கொட்டகைக்கு அடியில் பைக் நின்றது. வண்டி பூராவும் ரோட்டுப் புழுதி. முன்சக்கரத்தில் காலிப்பர் மட்டும் புதுப் பாத்திரம் போல ஜொலித்தது. முந்திரி மல்லாந்து படுத்து அடிப்பக்கம் தலையை நுழைத்தான்.

"போல்ட்டு தலையில வெள்ளையா கோடு போட்டிருக்குக்கா. பக்கத்துல ஒரு டிக், பொடி எழுத்துல ரெண்டு தேதி. தயாரிச்ச இடத்துல போட்ட முத்திரை, வேற ஒண்ணும் இல்ல."

"என்ன தேடறீங்க?" என்றது ஒரு குரல்.

முந்திரி கண்ணைத் திருப்பினான். பளபளவென்று இரண்டு ஷூக்கள். அவற்றுக்கு மேலே இஸ்திரி மடிப்புக் கலையாத பேன்ட். அதற்கும் மேலே, சட்டைப் பையில் நீலம், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பேனாவோடு தராசு சார்.

"பட்டன்!" என்றான் முந்திரி. "சட்டை பட்டன் விழுந்துடுச்சு சார்."

"என்ன விட்டம்?"

"பட்டனுக்கா?"

"பத்து மில்லிமீட்டரா, பதினொண்ணா?"

"பத்து... பத்தரை இருக்கும்."

தராசு சார் கையடக்க நோட்டை எடுத்து 10.5 என்று எழுதினார். பிறகு பையிலிருந்து சாக்பீஸை எடுத்துத் தரையில் இருபத்து நான்கு கட்டம் போட்டார். முட்டி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூக்கின் வலது பக்கத்தை ஒரு தடவை சொறிந்துவிட்டு, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். முந்திரியும் பக்கத்தில் முட்டி போட வேண்டியதாகிவிட்டது. அந்த நேரத்தில் அக்கா பாட்டுக்கு பைக்குக்குக் கீழே குனிந்து அந்தத் தேதிகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டாவது கட்டத்தில் முந்திரிக்கு முட்டி தேய்ந்துவிட்டது. யாரும் பார்க்காதபோது தன் சட்டையிலிருந்தே ஒரு பட்டனைப் பிய்த்து இருபதாவது கட்டத்தில் போட்டான்.

தராசு சார் அதைக் கண்டுபிடித்தார். எடுத்து, ஸ்கேலில் வைத்து அளந்தார். "பதினொண்ணு. தப்பாச் சொல்லிட்டீங்க." ஆனால் அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. பட்டனைக் கொடுத்த பிறகும் அவர் நகரவில்லை.

"வேற எதாவது தொலைச்சீங்களா?" என்றார்.

"இல்ல சார்."

"சரி," என்று சொல்லிவிட்டு மெதுவாக உள்ளே போனார்.

முந்திரிக்கு ஏனோ மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பாவம்கா, நல்ல மனுஷன். அவருக்குப் போய் இப்படி ஒரு பொண்ணு!"

அவர்கள் டெய்லரம்மாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. தாயும் மகளும் முன்அறையின் இரண்டு மூலைகளில், இரண்டு வெவ்வேறு சுவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலையில்லாத பொம்மை மட்டும் யாருடனும் சண்டை இல்லாமல் நின்றது.

அக்கா நேரே கொல்லைப்பக்கம் நடந்தார். துணி துவைக்கிற இடத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு மர ஸ்டூல். அதன் மேல் வட்ட வட்டமாகப் பெயிண்ட் உப்பி உரிந்திருந்தது.

"தோசை!" என்று கத்தினான் முந்திரி. "இங்கதான் நடந்திருக்கு!"

"எங்க?" என்றபடி வந்த மகள், யாரும் எதுவும் சமைக்கவில்லை என்று தெரிந்ததும் ஏமாந்து போனாள்.

கொடியில் மூன்று துணிப் பட்டைகள் கிளிப் போட்டுத் தொங்கின. துவைத்தும் போகாத கறுப்பு நடுவில் மட்டும் பட்டையாகத் தெரிந்தது. மூன்றும் ஒரே நீளம், ஒரே அகலம், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி.

"இது அம்மாவோடதுன்னு நெனச்சேன்," என்றாள் மகள்.

"இது அவளோடதுன்னு நான் நெனச்சேன்," என்றாள் டெய்லரம்மா சுவரைப் பார்த்து.

"ஸ்கேலோட வந்திருக்கான்கா குற்றவாளி," என்றான் முந்திரி. "வந்து, வேலையை முடிச்சு, துணியைத் துவைச்சுக் காயப் போட்டுட்டுப் போயிருக்கான். இவ்ளோ ஒழுக்கமான திருடனை நான் பாத்ததே இல்ல."

அக்கா வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குள் போனார். பின்தெருவுக்குப் போகிற சின்னக் கதவு அந்தச் சந்தின் கோடியில் இருந்தது. முன்அறை ஜன்னலுக்கு நேர் கீழே, ஈர மண்ணில் இரண்டு ஷூ தடங்கள் அருகருகே, சுவரைப் பார்த்தபடி, ஆழமாகப் பதிந்திருந்தன.

திரும்பி வந்தபோது மணி ஐந்து இருபது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாருன்னு தெரிஞ்சுபோச்சு. சொல்றேன். அதுக்கு முன்னாடி, நீங்க தினமும் என்ன பண்ணுவீங்களோ அதை எனக்கு ஒரு தடவை பண்ணிக் காட்டுங்க."

"இப்போவா? இவ இருக்கும்போதா?" என்றாள் டெய்லரம்மா.

"நான் வேணா வெளிய போறேன்," என்று எழுந்தாள் மகள்.

"ரெண்டு பேரும் இருக்கணும்," என்றார் அக்கா. அவர் சொன்ன தோரணையில் மகள் உட்கார்ந்துவிட்டாள்.

டெய்லரம்மா வேண்டாவெறுப்பாகப் பழைய சட்டையை எடுத்துப் பொம்மைக்கு மாட்டினாள். பின்னால் போய் நின்று, தொண்டையைக் கனைத்து, கையைச் சட்டைக் கைக்குள் விட்டாள். பொம்மைக்கு மூக்கு இல்லாததால், மூக்கு இருக்க வேண்டிய இடத்தின் வலது பக்கக் காற்றை ஒரு தடவை சொறிந்தாள்.

"இந்தச் சர்க்கரை டப்பா நேத்து இங்க இல்ல. அரை அங்குலம் தெற்கால இருந்தது. நான் ஒண்ணும் சொல்லல. சும்மா பாக்கறேன்."

முந்திரிதான் முதலில் வெடித்தான். அதற்கு முன்பே மகளின் தோள் குலுங்க ஆரம்பித்திருந்தது. டெய்லரம்மாவுக்கு உற்சாகம் ஏறியது. பொம்மை டப்பாவின் முன்னால் குனிந்தது, நிமிர்ந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மகள் "ஐயோ அம்மா, போதும்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாயின் காலடியிலேயே சரிந்தாள். மூன்று நாள் ஊமையாக இருந்த வீடு அலறிச் சிரித்தது.

அக்கா எழுந்தார். அவசரப்படாமல் ஜன்னலுக்குப் போனார். திரையை விலக்கினார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு ஹெல்மெட் நின்றுகொண்டிருந்தது. அதன் கண்ணாடி உள்பக்கமாக ஆவி படிந்து வெள்ளையாகியிருந்தது. அதற்குக் கீழே மூன்று பேனா.

டெய்லரம்மா பொம்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பொம்மையின் மேலும் அவருடைய சட்டைதான் இருந்தது என்பதால் அது பெரிய உதவியாக இல்லை.

"உள்ள வாங்க சார்," என்றார் அக்கா.

தராசு சார் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். வரும்போது பழக்கதோஷத்தில் ஒரு தடவை இருமினார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா?" என்றார்.

"சர்க்கரை டப்பா நகர்ந்தா கண்டுபிடிக்கிறவர், நாலு வீட்டுக்குக் கேட்ட சத்தம் நின்னதைப் பத்திப் பேசவே இல்லையாமே. அங்கதான் ஆரம்பிச்சேன். வெள்ளைக் காகிதத்துல எழுத வெள்ளைப் பேனா யாருக்கும் தேவைப்படாது. இரும்புல எழுதத்தான் தேவை. வேலையை முடிச்சா முத்திரை போடாம உங்களால இருக்க முடியல. காலிப்பர்ல அந்த ஞாயித்துக்கிழமைத் தேதியும் இருக்கு, அடுத்த சோதனைக்கு ஆறு மாசம் தள்ளி இன்னொரு தேதியும் இருக்கு."

முந்திரி தலையில் அடித்துக்கொண்டான்.

"திடீர் சோதனை பண்ணத்தானே?" என்றாள் டெய்லரம்மா, பொம்மைக்குப் பின்னாலிருந்து. "கடைக்காரங்களைப் பிடிக்கிற மாதிரி எங்களையும் பிடிக்கத்தானே சத்தத்தை நிறுத்தினீங்க?"

"பிடிக்க நெனச்சிருந்தா ஏன் வாசல்ல நின்னு இருமப் போறாரு?" என்றார் அக்கா. "இருபது நிமிஷம் முன்னாடியே பின்தெருவுல வண்டியை நிறுத்திட்டு வந்து, ஜன்னலுக்குக் கீழ நின்னுட்டு, அப்புறம் சுத்திப் போய் வண்டியை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வராரு. இருமி, உங்களுக்கு நேரம் கொடுத்துட்டுத்தான் உள்ள வராரு."

தராசு சார் ஹெல்மெட்டைக் கழற்றி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. சிரித்துச் சிவந்ததா வேறெதுவுமா என்று சொல்லத் தெரியவில்லை.

"தெருமுனையில திரும்பும்போது வீட்டுக்குள்ள சிரிப்புச் சத்தம் கேக்கும்," என்றார். "பிரேக் பிடிச்சதும் நின்னுடும். காதுதான் கோளாறோன்னு நெனச்சு மூணு நாள் சோதிச்சுப் பாத்தேன். காது சரியா இருந்தது." ஹெல்மெட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். "கோளாறு என்கிட்டன்னு தெரியும். அதை எங்க கழட்டி எங்க மாட்டறதுன்னு தெரியல. பிரேக்கைக் கழட்டத் தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் கேட்டுட்டுப் போகலாம்னுதான். சத்தம் வெளிய வந்துடக் கூடாதுன்னு ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டே சிரிப்பேன்."

 முந்திரி தன் சட்டையில் பட்டன் பிய்த்த இடத்தைத் தடவிக்கொண்டான்.

"மூணு நாளா ஒண்ணும் கேக்கல," என்றார் தராசு சார். "சும்மாதான் நின்னேன்."

மகள் எழுந்து வந்து அவர் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள். டெய்லரம்மா பொம்மைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். "கோபம் இல்லையா உங்களுக்கு?" என்றாள்.

"ஒரே ஒரு தப்பு இருக்கு."

தாயும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நான் மூக்கைச் சொறிய மாட்டேன்."

"சொறிவீங்க!" என்று மூன்று குரல் ஒன்றாக வந்தது. மூன்றாவது குரல் முந்திரியுடையது.

தராசு சார் யோசித்தார். யோசிக்கும்போதே அவர் விரல் மூக்கின் வலது பக்கத்துக்குப் போய்விட்டது. போன விரலை அவரே பார்த்தார். பிறகு தையல் மிஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். இல்லாத ஊசியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடி, நாக்கின் நுனியை இடது கடைவாயில் நீட்டி, இல்லாத நூலை எச்சில் தொட்டு நுழைத்தார். நுழையவில்லை. நுழையாத நூலை, அது பக்கத்து வீட்டுக்காரி என்பதுபோல முறைத்தார். "கண் கோளாறெல்லாம் இல்லடி, இந்த ஊசியில ஓட்டையே போடல," என்றார். அந்தக் குரல் அச்சு அசல் டெய்லரம்மாவின் குரல்.



அப்புறம் டெய்லரம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே "நானா? நான் அப்படியா பண்றேன்?" என்று கேட்டாள். "அப்படியேதாம்மா!" என்று மகள் பதில் சொல்ல முயன்று முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நிதானம் அக்கா சிரித்து முந்திரி பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தான்.

முகம் பூராவும் வெட்கமாக, தராசு சார் எழுந்து நின்று சட்டையை நேராக்கிக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தவர் எதையெல்லாம் பார்த்து வைத்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

"அடுத்து யாரைப் பண்ணட்டும்?" என்றார்.

அவர் பார்வை மெதுவாக அறையைச் சுற்றி வந்து முந்திரியின் மேல் நின்றது. முந்திரி அவசரமாக வாசலைப் பார்த்தான். வாசலை அடைத்துக்கொண்டு, கையைக் கட்டியபடி, அக்கா நின்றுகொண்டிருந்தார்.